தலை வணங்காத கதிர்கள்

நெல் விளையும் ஊரில் பிறந்தவன் நான். என் இளமைக் காலத்தில் அறுவடை முடிந்ததும் எங்கள் களத்தில் நெல்லைத் தூற்றுவார்கள். காற்று வாகு பார்த்து, முறத்தை உயர்த்திப் பிடித்து, என் பாட்டனார் நெல்லை மெல்லச் சரிப்பார். கனத்த மணிகள் நேரே காலடியில் விழும். பதரெல்லாம் காற்றோடு போய் அப்பால் விழும். ஓராண்டு, அப்பால் விழுந்த குவியல் காலடியில் விழுந்த குவியலைவிடப் பெரியதாக இருந்தது. பாட்டனார் அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கசக்கி, ஊதிப் பார்த்துவிட்டு, "பயிர் சாவியாய்ப் போயிற்று" என்று மட்டும் சொன்னார். அந்த ஆண்டு எங்கள் ஊரில் கெடுத்தது வறட்சி. ஆனால் உமி இருந்து அரிசி இல்லாத அந்தப் பொய்மணி என் மனத்தில் ஒரு வினாவாகத் தங்கிவிட்டது. வயல் முழுவதும் பச்சைப் பசேலென்று நின்ற பயிர், மணி பிடிக்கும் வேளையில் மட்டும் ஏன் ஏமாற்றுகிறது?

பிற்காலத்தில் பயிர்நூலும் வரலாறும் பயின்றபோது, அதே வினாவை ஒரு நாடே பல நூற்றாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்று அறிந்தேன். அந்த நாடு ஜப்பான். அங்கே நெல்லைப் பதராக்கியது வறட்சியன்று, கோடைக்காலத்துக் குளிர். அந்தக் குளிரின் வரலாற்றையே இன்று மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இதில் அரசர்களும் வருவார்கள், உழவர்களும் வருவார்கள், கண்ணுக்குத் தெரியாத மகரந்தத் துகளும் வரும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இந்த வரலாறு விளங்காது.

முதலில் இடத்தை மனத்தில் கொள்வோம். ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷூவின் வடகிழக்குப் பகுதியைத் தொஹொக்கு என்பார்கள். அதற்கும் வடக்கே ஹொக்கைடோ என்னும் தீவு உள்ளது. தொஹொக்குவின் கீழ்க்கரை பசிபிக் மாகடலை நோக்கியது. சில ஆண்டுகளில், ஜூன் மாதம் தொடங்கி ஆகஸ்டு வரை, வடக்கிலுள்ள ஒக்கோட்ஸ்க் கடலின்மேல் காற்றழுத்தம் மிகுந்து நிற்கும். அங்கிருந்து குளிர்ந்த, ஈரம் மிகுந்த காற்று வடகிழக்குத் திசையாகப் புறப்பட்டுத் தொஹொக்குக் கரைமீது வீசும். அந்தக் காற்றுக்கு அவ்வூரார் இட்ட பெயர் யமசே. அது வீசும் நாட்களில் வானம் மூடிக்கிடக்கும். மூடுபனியும் தூறலும் வயல்மீது கவிந்திருக்கும். கதிரவனைக் காண்பதே அரிது. மரங்களைச் சாய்க்கும் புயலன்று அது; கரையை உடைக்கும் வெள்ளமும் அன்று. அமைதியாக வந்து, சில நாட்கள் தங்கி, அமைதியாகப் போய்விடும். ஆயினும் அறுவடைக் காலத்தில் உழவன் வயலில் இறங்கும்போதுதான் அது செய்துவிட்டுப் போன கேடு தெரியும்.

நிறைந்த கதிர் தலை வணங்கும். இது நம் உழவர் அனைவரும் அறிந்த செய்தி. யமசே வீசிய ஆண்டில் தொஹொக்குவின் கதிர்கள் இலையுதிர் காலத்திலும் பச்சை மாறாமல் நேரே நிமிர்ந்து நிற்கும். வணங்குவதற்கு அவற்றிடம் கனம் இல்லை. அந்த நிலைக்கு ஜப்பானிய மொழியில், பச்சையாய் நிற்றல் என்னும் பொருளில், தனிச்சொல்லே வழங்குகிறது. வயலின் பசுமையைப் பஞ்சத்தின் அடையாளமாகக் கண்டு மக்கள் அஞ்சிய நாடு அது.

குளிரில் நெல் ஏன் இப்படியாகிறது? நெல்லின் பிறப்பிடம் வெப்பமும் நீரும் நிறைந்த நிலம். அதன் வாழ்வில் எல்லாப் பருவமும் குளிருக்கு ஒரேபோல் அஞ்சுவதில்லை. நாற்றாக இருக்கும்போது குளிர் தாக்கினால் வளர்ச்சி சுணங்கும். பின்னர் வெயில் வந்தால் ஓரளவு தேறிக்கொள்ளும். வளர்ச்சி மிகவும் சுணங்கிக் கதிர் காலம் தாழ்ந்து வந்தால், முற்றுவதற்குள் பனிக்காலம் வந்துவிடும். இதனை அறிஞர்கள் தாமதக் கேடு என்பார்கள். மற்றொரு வகைக் கேடு இதனினும் கொடியது. கதிர் வெளிவருவதற்கு முன், கண்ணாடி இலையின் உறைக்குள் பயிர் சூல்கொண்டு நிற்கும் பருவத்தில் குளிர் தாக்குவது. அந்தப் பருவத்தில் நான்கைந்து நாட்கள் கடுங்குளிர் நிலவினால் போதும்; அதற்குப் பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும், எவ்வளவு எரு இட்டாலும், போனது போனதுதான்.

நெற்பூவில் ஆறு மகரந்தப் பைகள் உண்டு. அவற்றினுள் மகரந்தத் தாய்ச் செல்கள் குன்றற் பகுப்பு என்னும் முறையால் பிரிந்து, ஒவ்வொன்றும் நான்கு நுண்மணிகளாகும். இளம் நுண்மணிகளுக்கு உணவு ஊட்டும் செவிலித்தாய் போல, பையின் உட்சுவரில் டபீட்டம் என்னும் ஒரு செல்லடுக்கு இருக்கிறது. குளிர் தாக்கும்போது இந்தச் செவிலியே நோயுறுகிறாள். அவ்வடுக்கின் செல்கள் முறைகெட்டு வீங்குகின்றன. சருக்கரை மகரந்தத்துக்குச் சென்று சேர்வது தடைப்படுகிறது. மகரந்தத்தினுள் மாவுச்சத்து நிரம்புவதில்லை. நிறைந்த மகரந்தத்தின்மீது அயோடின் கரைசலை இட்டால் அது கருநீலமாக மாறும். பட்டினி கிடந்த மகரந்தம் வெளிறியே கிடக்கும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் முதன்முதலில் இந்த இருவகைத் துகள்களையும் ஒரே கண்ணாடித் தகட்டில் கண்டபோது, பாட்டனாரின் களத்து நினைவே வந்தது. நெல்மணி பதராவதற்குமுன் மகரந்தம் பதராகிறது!

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. குளிரில் வாடிய அதே பூவின் சூலகம் பெரும்பாலும் கெடுவதில்லை. 1960-களின் இறுதியில் ஹொக்கைடோவில் ஆய்வு செய்த அறிஞர்கள், குளிரூட்டப்பட்ட செடிகளின் பூக்களில், நலமான வேறு செடியின் மகரந்தத்தை இட்டுப் பார்த்தார்கள். மணி பிடித்தது. எனவே குற்றம் மகரந்தத்தின் பக்கமே என்பது உறுதியாயிற்று. அதுவரை குன்றற் பகுப்பு நிகழும் வேளையே மிகவும் மென்மையான பருவம் என்று கருதி வந்தார்கள். சத்தாக்கே முதலிய அந்த அறிஞர்கள், பகுப்பு முடிந்து நுண்மணிகள் பிரிந்த உடனே வரும் இளமைப் பருவமே எல்லாவற்றினும் மென்மையானது என்று காட்டினார்கள். அது கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பதினொரு நாட்களுக்கு முன் வருவது. தொஹொக்குவில் பெரும்பாலும் ஜூலை மாதத்தின் இறுதிப் பகுதி. ஓராண்டின் உழைப்பு முழுவதும் அந்தச் சில நாட்களின் வெப்பத்தைப் பொறுத்து நிற்கிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

தொக்குகாவா மரபினர் ஜப்பானை ஆண்ட காலத்தில், ஒரு பிரபுவின் பெருமையையும் செல்வத்தையும் அளந்த கோல் நெல்லே. 'கோக்கு' என்பது அரிசியை அளக்கும் ஓர் அளவை. ஏறத்தாழ 180 லிட்டர் கொண்டது. ஒரு மனிதன் ஓராண்டு உண்ணப் போதிய அரிசி என்று அதனைக் கொள்வது வழக்கம். இத்தனை ஆயிரம் கோக்கு விளையும் நாடு என்றே ஒவ்வொரு பிரபுவின் ஆட்சிப் பகுதியும் மதிப்பிடப்பட்டது. வரியும் அரிசி, வீரர்களுக்குச் சம்பளமும் அரிசி. ஆகவே வெப்பநாட்டுப் பயிராகிய நெல், தன் இயல்பின் எல்லையையும் கடந்து வடக்கே வடக்கே கொண்டு செல்லப்பட்டது. தினை போன்ற சிறுதானியங்கள் குளிரை ஓரளவு தாங்கும். ஆனால் அரசும் சந்தையும் கேட்டது அரிசியை. யமசே வீசும் கரையில் நெல்லை நம்பி வாழும் நிலைமை இவ்வாறு உண்டாயிற்று. அதில் இயற்கையின் கையும் இருந்தது. மனிதர் வகுத்த ஏற்பாட்டின் கையும் இருந்தது.

1783-ஆம் ஆண்டு வந்தது. ஜப்பானியர் அக்காலப்பகுதியைத் தென்மெய் ஆண்டுகள் என்பார்கள். முந்திய குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாக இளஞ்சூடாக இருந்தது. பின்னர் கோடையோ குளிரும் மழையுமாகக் கழிந்தது. ஆகஸ்டு மாதத்தில் அசாமா எரிமலை பெருஞ்சீற்றத்துடன் வெடித்துச் சாம்பலைப் பொழிந்தது. அந்த ஆண்டின் கேடு அனைத்தையும் அசாமாவின் தலையில் ஏற்றுவார் உண்டு. ஆனால் அம்மலை வெடிப்பதற்கு முன்னரே வடக்கில் குளிர்காற்று வீசிப் பயிர் நலிந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. ஐஸ்லாந்து தீவிலும் அதே ஆண்டு ஜூனில் லாக்கி என்னும் எரிமலைப் பிளவு திறந்துகொண்டது. காரணங்கள் பலவாக இருக்கலாம், விளைவு ஒன்றே. வடக்கு வயல்களில் கதிர்கள் நிமிர்ந்து நின்றன.

பயிர் பொய்த்தது மட்டும் பஞ்சத்தை உண்டாக்கவில்லை. வடகோடியில் இருந்த ஹிரோசாக்கி ஆட்சியினர் கடன் சுமையில் ஆழ்ந்திருந்தார்கள். தங்கள் அரிசியை யெதோவுக்கும் ஒசாக்காவுக்கும் கப்பலேற்றி விற்றுக் கடன் தீர்ப்பது அவர்கள் வழக்கம். அவ்வாறு அனுப்பியபின் களஞ்சியத்தில் சேமிப்பு இல்லை. அறுவடை பொய்க்கும் என்பது தெளிவாகிக் கொண்டிருந்த கோடையில், அவோமோரித் துறைமுகத்து மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அண்டைப் பகுதிகளோ தத்தம் எல்லையை மூடி, தானியம் வெளியேறாதபடி தடுத்தன. மலைகள் சூழ்ந்த வடநாட்டில் பனி விழுந்துவிட்டால் பாதைகளும் அடைபடும். வெளியே அரிசி இருந்தும் உள்ளே வர வழியில்லை.

இரண்டாண்டுகள் கழித்து, 1785-இல், சுகாயே மசுமி என்னும் பயணி அந்த வழியே நடந்தார். ஊர் ஊராகச் சென்று கண்டதை நாட்குறிப்பாக எழுதும் பழக்கம் உடையவர் அவர். புல்லிடையே மனித எலும்புகள் வெண்மையாகச் சிதறிக் கிடந்ததை அவர் குறித்து வைத்திருக்கிறார். ஆட்சியாளரின் குடிக்கணக்குப்படி, 1780-இல் 2 கோடியே 60 லட்சமாக இருந்த ஜப்பானின் மக்கட்தொகை, 1786-இல் 2 கோடியே 51 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. இந்தக் கணக்கில் எல்லா மக்களும் அடங்கவில்லை. கணக்கில் விடுபட்டவர்களும், ஊரைவிட்டு ஓடியவர்களும் உண்டு. எனினும் ஆறு ஆண்டுகளில் ஒன்பது லட்சம் பேர் ஏட்டிலிருந்து மறைந்தார்கள் என்பதே அந்தப் பஞ்சத்தின் அளவை நமக்கு உணர்த்தும்.

இதே காலத்தில், தொஹொக்குவின் தெற்கே ஷிரகாவா என்னும் சிறு பகுதியை ஆண்டவர் மத்சுதைரா சதனோபு. அவர் காலம் தாழ்த்தாமல் வெளிப்பகுதிகளிலிருந்து அரிசி வாங்கி வருவித்துக் குடிகளுக்குப் பங்கிட்டார். அவர் ஆட்சிப் பகுதியில் பசியால் இறந்தவரே இல்லை என்று புகழ்ந்துரைப்பார்கள். 1787-இல் தலைநகராகிய யெதோவில் அரிசிக் கடைகளை மக்கள் உடைத்துக் கலகம் செய்தார்கள். அவ்வாண்டே சதனோபு ஆட்சியின் தலைமை அமைச்சராக உயர்ந்தார். ஒவ்வொரு பிரபுவும் பத்தாயிரம் கோக்குக்கு ஐம்பது கோக்கு வீதம் தானியத்தைச் சேமித்து வைக்க வேண்டும் என்று 1789-இல் அவர் ஆணையிட்டார். யொனெசாவா என்னும் மற்றொரு பகுதியில், உணவுக்கு உதவும் காட்டுச் செடிகளையும் அவற்றைச் சமைக்கும் முறைகளையும் தொகுத்து, 1802-இல் ஒரு நூல் அச்சிட்டு ஊர்தோறும் வழங்கினார்கள். அதே குளிர்காற்று வீசிய நிலத்தில், ஓரிடத்தில் எலும்புகள் கிடந்தன; ஓரிடத்தில் மக்கள் பிழைத்தார்கள். இந்த வேறுபாட்டை வானிலை உண்டாக்கவில்லை.

1830-களில் தென்போ பஞ்சம் மீண்டும் வந்தது. அதன்பின் மெய்ஜி மன்னரின் காலத்தில் ஜப்பான் புதிய நாடாக எழுந்தபோது, நெல்லின் எல்லையை இன்னும் வடக்கே தள்ளும் முயற்சியும் தொடங்கிற்று. ஹொக்கைடோவைத் திருத்த வந்த அமெரிக்க ஆலோசகர்கள், அக்குளிர்நிலத்துக்குக் கோதுமையும் கால்நடையுமே ஏற்றவை என்றார்கள். நக்கயாமா க்யூஸோ என்ற குடியேறி அதனை ஏற்கவில்லை. 1873-இல் ஷிமமத்சு என்னும் இடத்தில், அக்காகே என்ற செவ்விழை நெல்லை அவர் விதைத்தார். நாற்றங்காலில் குளிர்ந்த நீர் தேங்கி நாற்று வாடுவதைக் கண்டு, இரவெல்லாம் கண்விழித்து, குளிப்பதற்குக் காய்ச்சும் தொட்டியிலிருந்து வெந்நீரைக் கொண்டுவந்து ஊற்றி நாற்றைக் காத்தார் என்று சொல்வார்கள். அவ்வாண்டு அவருக்கு விளைந்தது. அந்த விதையைத் தம்மைப் போன்ற குடியேறிகளுக்கு விலையின்றிக் கொடுத்தார்.

1893-இல் யமகாத்தாவைச் சேர்ந்த அபே கமேஜி என்ற உழவர், குளிரால் கெட்டுப்போன ஒரு வயலைக் கடந்து சென்றார். எங்கும் நலிந்த பயிர். அதனிடையே மூன்று கதிர்கள் மட்டும் நன்கு மணி பிடித்து நின்றன. வேறொருவர் அதனைப் பார்த்து வியந்துவிட்டுப் போயிருக்கக் கூடும். கமேஜி அந்த மூன்று கதிர்களையும் கேட்டு வாங்கிச் சென்று, ஆண்டுக்காண்டு விதைத்துத் தெரிந்தெடுத்தார். அதுவே கமேனோவோ என்று அவர் பெயரால் விளங்கும் நெல்லாயிற்று. பின்னர் அரசின் ஆய்வுப் பண்ணையில் அதனை மற்றொரு நெல்லோடு கலந்து, 1921-இல் ரிக்கு 132 என்னும் புதுவகையை வெளியிட்டார்கள். அதன் வழியில் 1931-இல் நோரின் 1 வந்தது. அதன் வழியில், 1956-இல் பெயர் பெற்ற கோஷிஹிகாரி வந்தது. இன்றும் ஜப்பானியர் மிகவும் விரும்பி உண்ணும் அரிசிகளின் குலமுதல்வர் பட்டியலில் அந்த மூன்று கதிர்கள் இருக்கின்றன.

ரிக்கு 132-ஐ உழவர்களிடம் கொண்டு சேர்த்தவர்களுள் ஒருவர் கவிஞர் மியசாவா கெஞ்சி. இவாத்தே நாட்டில் 1896-இல் பிறந்த அவர், ஹனமாக்கி வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பின்னர் அவ்வேலையை விடுத்து, ஊர் ஊராகச் சென்று, எந்த வயலுக்கு எந்த எருவை எவ்வளவு இடவேண்டும் என்று கூலி வாங்காமல் உழவர்களுக்குக் கணக்கிட்டுக் கொடுத்தார். 1932-இல் அவர் வெளியிட்ட கதை ஒன்றில், குளிர்ப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த புதோரி என்னும் இளைஞன் வருகிறான். எரிமலை ஒன்றை வெடிக்கச் செய்தால் அதிலிருந்து வரும் கரியமில வாயு நிலவுலகைச் சூடாக்கும், குளிர்க் கோடை நீங்கும் என்று அவன் அறிகிறான். அதற்காகத் தன் உயிரையே கொடுக்கிறான். காற்றிலுள்ள அந்த வாயுவுக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு சிற்றூர் ஆசிரியர் அன்றே கதைப் பொருளாக்கினார் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு உண்டாகும். 1933 செப்டம்பரில், நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலேயே, அவர் நோயால் மறைந்தார். மறு ஆண்டு, 1934-இல், தொஹொக்குவில் கடுங்குளிர் மீண்டும் வந்தது. பட்டு விலையின் வீழ்ச்சியால் முன்பே நொந்திருந்த உழவர்கள், தம் பெண்மக்களை நகரத்துக்கு விற்ற கொடுமை அக்காலத்தில் நாட்டையே உலுக்கியது.

இவ்வாறு பட்ட துன்பங்களே அறிஞர்களை ஆய்வுக்கூடத்துக்குள் செலுத்தின. தொட்டிகளில் நெல்லை வளர்த்து, குளிரறைகளில் வைத்து, எந்த நாளில் எத்தனை டிகிரியில் எத்தனை மணி பதராகிறது என்று எண்ணினார்கள். 12 டிகிரிக் குளிரில் நான்கு நாட்கள் வைத்துப் பார்ப்பது அவர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்று. மகரந்தத்தின் பருவத்தை அறிய ஒவ்வொரு முறையும் பூவைப் பிளந்து பார்க்க இயலாதன்றோ? கண்ணாடி இலையின் கழுத்துக்கும் அதன் கீழ் இலையின் கழுத்துக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்தாலே உள்ளிருக்கும் மகரந்தத்தின் வயதை மதிப்பிடலாம் என்று கண்டார்கள். ஓர் அளவுகோல் இருந்தால் எந்த உழவனும் இதனைச் செய்யலாம்.

அதிலிருந்து எளிய மருந்து ஒன்றும் பிறந்தது. மென்மையான அந்தப் பருவத்தில் இளங்கதிர் உயரே எழுந்திருப்பதில்லை. இலையுறைக்குள் தாழ்வாகவே இருக்கிறது. அவ்வேளையில் வயலில் 20 சென்டிமீட்டர் வரை நீரை உயர்த்திக் கட்டினால் கதிர் நீருக்குள் அமிழ்ந்துவிடும். பகல் வெப்பத்தை உள்வாங்கிய நீர், குளிர்காற்றைவிடச் சில டிகிரி சூடாகவே இருக்கும். தாய் தன் குழந்தையைப் போர்வைக்குள் அணைத்துக்கொள்வது போல, நீர் கதிரை அணைத்துக் காக்கிறது. நக்கயாமா க்யூஸோ வெந்நீர் ஊற்றிக் காத்த அதே கருத்து, இப்போது காலமும் அளவும் அறிந்த அறிவியலாயிற்று. ஆனால் இதற்கு வரப்பு உயரமாக இருக்கவேண்டும். உரிய நாளில் வாய்க்காலில் நீர் இருக்கவேண்டும். அந்த நாளை உழவன் அறிந்திருக்கவேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை.

1993-ஆம் ஆண்டு இந்த அறிவையெல்லாம் சோதித்துப் பார்த்தது. இரண்டாண்டுகளுக்கு முன், 1991 ஜூனில், பிலிப்பைன்ஸில் பினத்துபோ எரிமலை வெடித்திருந்தது. அதன் தூசும் ஒரு காரணம் என்று பலர் கருதினர். மழைப்பருவம் முடிந்தது என்று அறிவித்த வானிலைத் துறை, அந்த அறிவிப்பைப் பல பகுதிகளுக்குத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கோடை வரவே இல்லை. வழக்கமான விளைச்சலை 100 என்று கொண்டால் அவ்வாண்டு ஜப்பான் முழுவதற்கும் விளைந்தது 74. தொஹொக்குவில் 56, அவோமோரியில் 28. அக்காலத்தில் சுவைக்காகப் பெரிதும் பயிரிடப்பட்ட சசனிஷிக்கி என்னும் நெல் குளிருக்கு மிகவும் இளைத்தது. 60 ஆண்டுகளுக்கு முந்திய நெல்லினும் நல்ல நெல்லை வைத்திருந்தும், நல்ல ஆண்டுகள் தந்த நம்பிக்கையில் குளிரை மறந்திருந்தார்கள்.

ஆயினும் 1783-க்கும் 1993-க்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். காற்று அதே காற்று. மகரந்தம் அதே மகரந்தம். ஆனால் 1993-இல் பசியால் எவரும் மாண்டதாக வரலாறு இல்லை. பயிர்க் காப்பீடு இருந்தது. தாய்லாந்து, சீனம், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து 25 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி வாங்கப்பட்டது. செல்வ நாடு ஒன்று திடீரெனச் சந்தையில் இறங்கியதால் உலகில் அரிசி விலை ஏறியது என்பதையும், அந்தச் சுமை வாங்கியுண்ணும் ஏழை நாடுகளின்மேல் விழுந்தது என்பதையும் உடன் சொல்லவேண்டும். இவாத்தேயில் குளிரைத் தாங்கும் புதிய நெல் ஒன்றின் விதை மிகச் சிறிதளவே இருந்தது. அதனைத் தென்கோடியில், பனியறியாத இஷிகாக்கித் தீவுக்குக் கொண்டுசென்று, குளிர்காலத்திலேயே விளைவித்து, அடுத்த நடவுக்கு முன் வடக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த நெல்லுக்குப் பாலம் என்று பொருள்படும் கக்கேஹாஷி என்ற பெயரை இட்டார்கள். மியாகியில் 1991-இல் பதிவான ஹித்தொமெபோரே என்ற நெல், குளிரை நன்கு தாங்கியமையால், சசனிஷிக்கியின் இடத்தைப் பிடித்தது.

மற்றொரு செய்தியும் கேளுங்கள். குளிர் தாங்கும் பண்பைத் தேடிய ஜப்பானிய அறிஞர்கள், அதனை இந்தோனேசியாவின் சிலேவா என்னும் நெல்லில் கண்டார்கள். வெப்ப மண்டலத்து நாட்டின் நெல், வடகுளிரின் நெல்லுக்குத் துணையாக வந்தது. அப்பண்புக்குரிய மரபணு ஒன்றை 2010-இல் தனியே பிரித்து அறிந்தார்கள். எந்த ஊரின் எந்தப் பழைய நெல் எந்த நாட்டின் பசியைத் தீர்க்கும் என்பதை யார் முன்னறிவார்? நம் நாட்டில் வழக்கொழிந்து வரும் பழைய நெல் வகைகளை நான் அக்கறையோடு எண்ணுவது இதனால்தான்.

குளிரால் இனப்பெருக்கம் கெடுவது நெல்லுக்கு மட்டும் உரியதன்று. கொண்டைக்கடலை பூத்திருக்கும்போது அன்றாடச் சராசரி வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால், பூ உதிர்ந்து காய் பிடிக்காமல் போகும். வட இந்தியக் குளிர்காலத்தில் இது கண்கூடு. கோதுமை கதிர்விட்டுப் பூக்கும் வேளையில் உறைபனி விழுந்தால் அங்கும் மணி வெறுமையாகிறது. இனி உலகம் சூடாகி வருவதால் இந்தக் கவலை ஒழியும் என்று எண்ணிவிட வேண்டாம். சூடாகி வரும் இந்தக் காலத்திலேயே, 2003-இல் ஜப்பானில் மீண்டும் குளிர்க்கோடை வந்து விளைச்சல் 90-ஆகக் குறைந்தது. மறுபுறம், நெல் பூக்கும் வேளையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலும் மகரந்தம் கெட்டு மணி பதராகிறது. அதிக வெப்பமும் அதிகக் குளிரும் தாக்கும் இடம் ஒன்றே: அந்த மகரந்தப் பை.

மாணவ நண்பர்களே! வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பஞ்சத்தின் ஆண்டையும் மாண்டவர் தொகையையும் படிக்கும்போது, இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். வயலில் பயிருக்கு நேர்ந்தது என்ன? களஞ்சியத்தில் இருந்த தானியத்துக்கு நேர்ந்தது என்ன? முதற் கேள்விக்கு விடை காணப் பயிர்நூல் வேண்டும். இரண்டாவதற்கு வரலாறு வேண்டும். ஹிரோசாக்கி ஆட்சியினரின் அரிசிக் கப்பல்கள் புறப்பட்ட அந்தக் கோடையில், இரண்டு விடைகளையும் ஒருங்கே அறிந்தவர் ஒருவராவது ஆட்சியில் இருந்திருந்தால், சுகாயே மசுமி நடந்த வழியில் புல் மட்டுமே முளைத்திருக்கும்.

என் பாட்டனார் கையில் அள்ளி ஊதிய பதருக்கு அன்று எனக்குக் காரணம் தெரியாது. இன்று ஓரளவு தெரிகிறது. உங்கள் ஊர்க் களத்தில் இந்த ஆண்டு நெல் தூற்றும்போது, நீங்களும் அப்பால் விழுந்த குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். எண்ணிப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பூத்த நாட்களில் வானிலை எப்படி இருந்தது என்பதையும் உடன் எழுதுங்கள். ஹொக்கைடோவின் அறிஞர்களும் பதர்களை எண்ணித்தான் தங்கள் ஆய்வைத் தொடங்கினார்கள்.